ஏழாம் அத்தியாயம்: கட்டாய அப்டேட்டும் கணினிக்கு உரியவரின் அதிகாரமும்

பணம் கொடுத்து வாங்கி, வீட்டு மேஜைமேல் வைத்து, மின்சாரத்துக்கும் இணையத்துக்கும் மாதந்தோறும் தாமே கட்டணம் செலுத்திவரும் ஒருவருக்கு, அந்த யந்திரம் எப்போது வேலையை நிறுத்தி எப்போது மறுபடி துவங்க வேண்டும் என்று தீர்மானிக்கும் அதிகாரம் மட்டும் தம்மிடம் முழுமையாக இல்லை என்ற உண்மை, பெரும்பாலும் அவசர வேலையின் நடுவில்தான் புலப்படுகிறது. 2015 ஜூலை 29 அன்று விண்டோஸ் 10 வெளிவந்தபோது, அதன் ஹோம் பதிப்பில் அப்டேட்டை வேண்டாம் என்று மறுக்கும் வசதியை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் வைக்கவில்லை. மேற்கொண்டு அறிவிப்பு ஏதுமின்றித் தானாக வந்திறங்கும் அப்டேட்டுகளுக்கு நாம் சம்மதிக்கிறோம் என்று உரிம ஒப்பந்தத்திலேயே எழுதியும் வைத்தது. நான்கு ஆண்டுகள் கழித்து, 2019 மே மாதப் பதிப்பில்தான், ஹோம் பதிப்புக்காரர்களும் 35 நாள் வரையில் அப்டேட்டை நிறுத்திவைக்கலாம் என்ற சலுகை கிடைத்தது.

இந்த நிர்ப்பந்தம் நியாயமா என்று கேட்டால், நியாயமன்று என்பதே என் அபிப்பிராயம். ஆனால் அதற்குப் பரிகாரம் அப்டேட்டையே அடியோடு ஒழித்துவிடுவது என்று எண்ணுவோர் 2017ஆம் ஆண்டை நினைத்துப் பார்க்க வேண்டும். அவ்வருஷம் மே 12 அன்று பரவத் தொடங்கி, பிரிட்டனின் அரசாங்க மருத்துவமனைகளைக்கூட முடக்கிப்போட்ட வான்னாக்ரை என்ற தீநிரல் நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட், அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்பே, மார்ச் 14 அன்று வெளிவந்துவிட்டது. அதைப் போடாதிருந்த கணினிகளே பெரும்பாலும் அகப்பட்டன. மறுபக்கத்தில், 2018 அக்டோபரில் வந்த பெரிய அப்டேட் சிலருடைய டாக்குமெண்ட்ஸ் அடைவில் இருந்த கோப்புகளையே அழித்துவிட்டது; விநியோகத்தைச் சில நாட்களிலேயே நிறுத்தி, நவம்பர் 13 அன்றுதான் மறுபடி தொடங்கினார்கள். முதல் சம்பவம் இரண்டு மாதத் தாமதம் எவ்வளவு விபரீதம் என்பதையும், இரண்டாவது சம்பவம் முதல் நாளே முந்திக்கொள்வது எவ்வளவு அவிவேகம் என்பதையும் காட்டுகின்றன. ஆகவே இந்த அத்தியாயத்தில் நாம் பயிலப்போவது மறுப்பதை அன்று. ஒரு வாரம் தள்ளிப்போட்டு, நமக்குச் சௌகரியமான வேளையில், திரும்பிவர ஒரு வழியை வைத்துக்கொண்டு போடுவதை.

முதலில் உங்கள் கணினி எது என்று பாருங்கள்

1. ஸ்டார்ட் பொத்தானை அழுத்தி செட்டிங்ஸ் திறக்கவும்.
2. சிஸ்டம் என்ற பகுதியில் கடைசியாக இருக்கும் அபவுட் என்பதற்குள் செல்லவும்.
3. எடிஷன் என்ற வரியில் ஹோம் என்று இருக்கிறதா, புரோ என்று இருக்கிறதா, அதற்குக் கீழே வெர்ஷன் என்ன என்று ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளவும்.

இனி வரும் படிகள் விண்டோஸ் 11ஐ மனத்தில் கொண்டு எழுதப்பட்டவை. விண்டோஸ் 10இல் பெயர்கள் ஏறக்குறைய அவையே; இடங்கள் மட்டும் சற்று மாறியிருக்கும்.

வரும் அப்டேட்டுகள் எல்லாம் ஒரே ஜாதி அல்ல என்பதையும் இங்கேயே அறிந்துகொள்வது நல்லது. மாதந்தோறும் வரும் பாதுகாப்பு அப்டேட், அமெரிக்கக் கணக்கில் மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை வெளியாகிறது. 2003ஆம் ஆண்டு தொடங்கி இந்த வழக்கம் மாறவில்லை. நம்முடைய கடிகாரத்தில் அது செவ்வாய் இரவு 10.30 மணி, அமெரிக்கக் குளிர்காலத்தில் 11.30 மணி. மாதக் கடைசியில் வெள்ளோட்டமாக ஒன்று வெளியிடுவார்கள். அது கட்டாயமல்ல, நாமாகத் தேடிப் போட்டால்தான் வரும். ஆண்டுக்கு ஒருமுறை வெர்ஷன் எண்ணையே மாற்றிவிடும் பெரிய அப்டேட் வருகிறது. இவை தவிர, பிரிண்டர், ஒலி, திரை ஆகியவற்றுக்கான டிரைவர்களும் இதே வழியாக வந்திறங்கும்.

எதையும் தொடுமுன் செய்ய வேண்டிய மூன்று காப்புகள்

அநேகர் இந்தப் பகுதியைத் தாண்டிக்கொண்டு அமைப்புகளை மாற்றுவதில் இறங்கிவிடுகிறார்கள். வரிசை முக்கியம், இந்த மூன்றும் முடியாமல் அடுத்த பகுதிக்குப் போகாதீர்கள்.

1. கோப்புகளின் பிரதி. வெளியே வைக்கும் ஹார்ட் டிஸ்க் ஒன்றில் உங்கள் டாக்குமெண்ட்ஸ், பிக்சர்ஸ், டெஸ்க்டாப் மூன்றையும் பிரதியெடுத்து, எடுத்த பிறகு டிஸ்கைக் கழற்றி அலமாரியில் வைத்துவிடுங்கள். செருகியபடியே விட்டுவைத்த பிரதி, தீநிரல் புகுந்தால் மூலத்தோடு சேர்ந்து தானும் போய்விடும்.

2. பிட்லாக்கர் சாவி. இது பலருக்குத் தெரியாத விஷயமாதலால் சற்று விரிவாகவே சொல்கிறேன். அண்மைக் காலத்து மடிக்கணினிகள் பலவற்றில், மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தவுடனேயே டிஸ்க் முழுவதும் பிட்லாக்கர் முறையில் சங்கேதமாகப் பூட்டப்பட்டுவிடுகிறது. உரியவருக்கு இது நடந்ததே தெரிவதில்லை. ஏதோ ஒரு அப்டேட்டுக்குப் பின் கணினி நீலத்திரை காட்டி, மீட்புச் சாவியைக் கொடு என்று கேட்கும்போதுதான் தெரியவரும். 2024 ஜூலை மாத அப்டேட்டுக்குப் பின் சில கணினிகளில் இப்படியே நடந்தது. அந்தச் சாவி 48 இலக்கங்கள் கொண்டது. ஆறு ஆறு இலக்கங்களாக எட்டுத் தொகுதி. வேறொரு கணினியிலோ கைபேசியிலோ உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து, டிவைசஸ் பகுதியில் ரெக்கவரி கீ என்பதைத் திறந்தால் கிடைக்கும். அதைக் காகிதத்தில் எழுதி, எழுதியதை ஒருமுறை இலக்கம் இலக்கமாக ஒப்பிட்டுப் பார்த்து, ஆதார் அட்டையும் வங்கிப் புத்தகமும் வைத்திருக்கும் உறையிலேயே பத்திரப்படுத்துங்கள். பூட்டிய கணினிக்குள்ளேயே அதன் சாவியைச் சேமித்துவைப்பதால் யாதொரு பிரயோசனமும் இல்லை.

3. மீட்பு யுஎஸ்பி. 32 ஜிபி அளவுள்ள காலியான பென் டிரைவ் ஒன்றைச் செருகி, ஸ்டார்ட் தேடலில் ரெக்கவரி டிரைவ் என்று தட்டி, வரும் வழிமுறைகளைப் பின்பற்றுங்கள். பென் டிரைவில் முன்பே இருப்பதெல்லாம் அழிந்துவிடும், ஜாக்கிரதை.

*குறிப்பு:* ஸ்டார்ட் தேடலில் கிரியேட் எ ரீஸ்டோர் பாயிண்ட் என்று தட்டி, சி டிரைவுக்கு எதிரே ஆஃப் என்று இருந்தால் ஆன் செய்துவிடுங்கள். பல கணினிகளில் இது அணைக்கப்பட்டே வருகிறது.

வேளையை உங்கள் கைக்குக் கொண்டுவருதல்

1. செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட், அதற்குள் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் திறக்கவும்.
2. ஆக்டிவ் அவர்ஸ் என்பதைத் தானியங்கியிலிருந்து மேனுவலுக்கு மாற்றவும்.
3. நீங்கள் வேலைசெய்யும் நேரத்தைக் குறிக்கவும். அதிகபட்சம் 18 மணி நேரம் அனுமதி உண்டு; காலை 6 முதல் நள்ளிரவு 12 வரை வைத்துக்கொள்வது பெரும்பாலான வீடுகளுக்குப் பொருந்தும். இந்த நேரத்துக்குள் கணினி தானாக ரீஸ்டார்ட் ஆகாது.
4. ரீஸ்டார்ட் தேவைப்படும்போது எனக்குத் தெரிவி என்ற பொருளுள்ள நோட்டிஃபை மீ என்ற விசையை ஆன் செய்யவும்.
5. கெட் மீ அப் டு டேட் என்ற விசை ஆஃப் நிலையில் இருக்கிறதா என்று பார்க்கவும். ஆன் ஆக இருந்தால், நீங்கள் குறித்த வேலைநேரத்தைப் பொருட்படுத்தாமல் கூடிய சீக்கிரம் ரீஸ்டார்ட் செய்துவிடும்.
6. முந்தைய பக்கத்துக்குத் திரும்பி, கெட் த லேட்டஸ்ட் அப்டேட்ஸ் அஸ் சூன் அஸ் தே ஆர் அவெய்லபிள் என்ற நீளமான பெயருள்ள விசையையும் ஆஃப் செய்யவும். வெள்ளோட்டங்களுக்கு நம் வீட்டுக் கணினியைச் சோதனைச்சாலை ஆக்கும் விசை இது.

இங்கே சகஜமாக நேரும் பிழை ஒன்று உண்டு. இரவில் கண்விழித்து வேலைசெய்பவர்கள், வேலைநேரத்தைப் பகலாகவே விட்டுவிட்டு, பாதி எழுதிய கடிதத்தைச் சேமிக்காமல் படுக்கப்போவார்கள். காலையில் பார்த்தால் திரை வெறுமையாக இருக்கும். வேலைநேரம் எதுவாக வைத்தாலும், எழுந்து போகுமுன் சேமிக்கும் பழக்கத்துக்கு அது மாற்றாகாது.

ஒரு வாரம் தள்ளிப்போடும் முறை

இந்த அத்தியாயத்தின் உயிர்நாடி இதுவே. மற்ற எதையும் செய்யாவிட்டாலும் இதையாவது செய்யுங்கள்.

1. நாட்காட்டியில் ஒவ்வொரு மாதத்து இரண்டாவது செவ்வாய்க்கிழமையையும் வட்டமிட்டுக்கொள்ளவும்.
2. அன்று இரவு 10 மணிக்குள், விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் பாஸ் அப்டேட்ஸ் என்பதற்கு எதிரே ஒரு வாரம் என்று தேர்ந்தெடுக்கவும். ஐந்து வாரம் வரை பட்டியலில் இருக்கும், ஆசைப்படாதீர்கள்.
3. அந்த வாரத்தில், மைக்ரோசாஃப்ட்டே நடத்தும் ரிலீஸ் ஹெல்த் என்ற பக்கத்தில், அம்மாத அப்டேட்டால் ஏற்பட்டதாக ஒப்புக்கொள்ளப்பட்ட கோளாறுகள் என்னென்ன என்று பார்க்கவும். ஒவ்வொரு அப்டேட்டுக்கும் கேபி என்ற எழுத்துகளோடு ஓர் எண் உண்டு. அந்த எண்ணை வைத்துத் தேடினால் குழப்பம் நேராது.
4. உங்கள் வெர்ஷனையும் உங்கள் பிரிண்டர் முதலான சாதனங்களையும் பாதிக்கும் கோளாறு ஏதும் இல்லையென்றால், அந்த ஒரு வாரத் தவணை முடியுமுன் சாவகாசமான ஒரு பொழுதில் ரெஸ்யூம் அப்டேட்ஸ் அழுத்தி, போட்டு முடிக்கவும்.
5. பாதிக்கும் கோளாறு இருந்தால் இன்னும் ஒரு வாரம் நீட்டவும்.

நிறுத்திவைத்த காலத்திலும் டிஃபெண்டர் என்ற காவல் நிரலுக்கான தினசரிக் குறிப்புகள் வந்துகொண்டேயிருக்கும். 35 நாள் முடிந்துவிட்டால், நிலுவையில் உள்ளதைப் போட்டபிறகே மறுபடி நிறுத்திவைக்க முடியும். இரண்டாவது செவ்வாய் அல்லாத நாளில் அவசர அப்டேட் என்று ஒன்று வெளிவந்து, அந்த ஓட்டை வழியாகத் தாக்குதல் ஏற்கெனவே நடக்கிறது என்றும் செய்தி வந்தால், வாரக் கணக்கைப் பார்க்காமல் உடனே போட்டுவிட வேண்டும்.

*குறிப்பு:* செக் ஃபார் அப்டேட்ஸ் என்ற பொத்தானைப் பொழுதுபோகாமல் அழுத்தாதீர்கள். அதை அழுத்துபவரை, வரிசையில் முன்னால் நிற்க விரும்புகிறவர் என்றே மைக்ரோசாஃப்ட் கணக்கிடுகிறது. 2018 அக்டோபரில் கோப்புகளை இழந்தவர்கள், அந்தப் பொத்தானை முதலில் அழுத்தியவர்களிடையேதான் இருந்தார்கள்.

கைபேசி ஹாட்ஸ்பாட்டில் இணையம் பெறுவோருக்கு

நாளொன்றுக்கு ஒன்றரை ஜிபி, இரண்டு ஜிபி என்று அளந்து கிடைக்கும் இணையத்தில், ஒரே ஒரு மாதாந்தர அப்டேட் காலைக்குள் முழு அளவையும் குடித்துவிடக்கூடும். செட்டிங்ஸில் நெட்வொர்க் பகுதிக்குள், நீங்கள் சேர்ந்திருக்கும் வைஃபையின் பெயரைத் திறந்து, மீட்டர்டு கனெக்ஷன் என்பதை ஆன் செய்யுங்கள். அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸில், மீட்டர்டு இணைப்பிலும் இறக்கு என்ற விசை ஆஃப் ஆக இருக்கட்டும். அப்போதும் மிக அவசியமென்று அவர்கள் கருதும் சில அப்டேட்டுகள் வரவே செய்யும். மாதம் ஒருமுறையாவது அளவில்லாத இணைப்புள்ள உறவினர் வீட்டுக்கோ அலுவலகத்துக்கோ மடிக்கணினியைக் கொண்டுபோய்ப் போட்டுவருவது உத்தமம்.

அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் பக்கத்திலேயே டெலிவரி ஆப்டிமைசேஷன் என்று ஒன்றிருக்கிறது. இணையத்தில் உள்ள பிற கணினிகளோடும் பகிர்ந்துகொள்ளும் நிலையில் இருந்தால், உங்கள் செலவில் யாரோ ஒருவருக்கு அப்டேட் போய்ச் சேரும். வீட்டில் இரண்டு கணினி இருந்தால் வீட்டு வலையமைப்புக்குள் மட்டும் என்று வையுங்கள். ஒன்றே இருந்தால் அணைத்துவிடுங்கள்.

புரோ பதிப்பு வைத்திருப்போருக்கு மட்டும்

கூடுதல் பணம் கொடுத்தவர்களுக்குக் கூடுதல் சுதந்திரம் என்பது எனக்கு உவப்பான ஏற்பாடு அல்ல; இருந்தாலும் கிடைத்திருப்பதைப் பயன்படுத்திக்கொள்வதில் தவறில்லை.

1. ஸ்டார்ட் தேடலில் எடிட் குரூப் பாலிசி என்று தட்டித் திறக்கவும்.
2. இடப்பக்கத்தில் கம்ப்யூட்டர் கான்ஃபிகரேஷன், அட்மினிஸ்ட்ரேட்டிவ் டெம்ப்ளேட்ஸ், விண்டோஸ் காம்பொனன்ட்ஸ், விண்டோஸ் அப்டேட் என்று ஒன்றன்பின் ஒன்றாக இறங்கவும்.
3. கான்ஃபிகர் ஆட்டோமேட்டிக் அப்டேட்ஸ் என்பதை எனேபிள் செய்து, 2 என்ற எண்ணுள்ள தேர்வைக் கொடுக்கவும். இனி இறக்குமுன்பே உங்களிடம் அனுமதி கேட்கும்.
4. குவாலிட்டி அப்டேட்ஸ், அதாவது மாதாந்தர அப்டேட்டுகள், எப்போது வரவேண்டும் என்பதில் 7 நாள் தாமதம் கொடுக்கவும். 30 நாள் வரை இடமுண்டு.
5. டிரைவர்களைச் சேர்க்காதே என்ற பொருளுள்ள அமைப்பை, உங்கள் பிரிண்டரோ ஒலிப்பெட்டியோ முன்பு ஒருமுறை கெட்டிருந்தால் மட்டும், எனேபிள் செய்யவும்.

அனுமதி கேட்கும்படி வைத்தவர், கேட்கும்போது பதில் சொல்லாமல் மாதக்கணக்கில் விட்டுவைத்தால், அவருடைய கணினி வான்னாக்ரை காலத்துக் கணினிதான்.

செய்யக் கூடாதவை

சர்வீசஸ் பட்டியலில் விண்டோஸ் அப்டேட்டை டிசேபிள் செய்யும் உபாயம் வாய்வழியாகவும் வீடியோக்கள் வழியாகவும் ஏராளமாகப் பரவியிருக்கிறது. அதைச் செய்தால், அப்டேட் மெடிக் என்ற மற்றொரு சேவை சில நாளில் அதை எழுப்பிவிடும். அதையும் சேர்த்து முடக்குவோருக்கு டிஃபெண்டரின் குறிப்புகளும் ஸ்டோர் வழியாக வரும் நிரல்களும் தடைபடும். ஒரே சொடுக்கில் நிரந்தரமாக நிறுத்தித் தருகிறோம் என்று வரும் இலவச நிரல்கள் அதைவிட மோசம்: நிர்வாகி அதிகாரம் முழுவதையும் முகமறியாத ஒருவருக்குக் கொடுத்துவிட்டு, மைக்ரோசாஃப்டிடம் நம் சுதந்திரம் பறிபோகிறது என்று வருந்துவதில் அர்த்தமில்லை.

டிரைவர்களை எல்லாம் புதுப்பித்துத் தருவதாகச் சொல்லும் நிரல்களையும் நாடாதீர்கள். ஒரு டிரைவர் கெட்டுவிட்டால், டிவைஸ் மேனேஜரில் அந்தச் சாதனத்தின் பிராப்பர்ட்டீஸ் திறந்து, டிரைவர் என்ற தாளில் ரோல் பேக் அழுத்தினால் பழையது திரும்பும்.

அப்டேட் போடும் பொழுதில்

1. மடிக்கணினியானால் சார்ஜரைச் செருகவும். மேஜைக் கணினியானால் யுபிஎஸ் வேலைசெய்கிறதா என்று முன்பே சோதிக்கவும். மின்வெட்டு அறிவித்திருக்கும் நாளில் தொடங்க வேண்டாம்.
2. சி டிரைவில் இடம் பார்க்கவும். பெரிய அப்டேட்டுக்கு 20 ஜிபியாவது காலியாக இருக்க வேண்டும்.
3. திறந்திருக்கும் யாவற்றையும் சேமித்து மூடவும். பிரிண்டர் தவிர்த்த யுஎஸ்பி சாதனங்களையும் கழற்றிவிடலாம்.
4. பவர் பொத்தானில் அப்டேட் அண்ட் ரீஸ்டார்ட் கொடுக்கவும். அவசரமாக வெளியே கிளம்புகிறீர்கள், அப்டேட் வேண்டாம் என்றால், அதே பட்டியலில் வெறும் ஷட் டவுன் என்பதும் இருக்கிறதா என்று பாருங்கள்.
5. சதவிகிதம் ஒரே எண்ணில் நின்றுவிட்டாலும் மின்சாரத்தை அணைக்காதீர்கள். டிஸ்க் விளக்கு விட்டுவிட்டுச் சிமிட்டும்வரை வேலை நடக்கிறது என்றே கொள்ளவும். பழைய ஹார்ட் டிஸ்க் உள்ள கணினியில் பெரிய அப்டேட் சில மணி நேரம் எடுப்பது சகஜம்.

கோளாறு வந்துவிட்டால்

*கணினி திறக்கிறது, ஆனால் ஏதோ ஒன்று வேலைசெய்யவில்லை என்றால்:* விண்டோஸ் அப்டேட், அப்டேட் ஹிஸ்டரி, அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ் என்று சென்று, தேதியைப் பார்த்து, கடைசியாக வந்ததை நீக்கவும். நீக்கிய கையோடு பாஸ் அப்டேட்ஸ் போட மறக்காதீர்கள்; மறந்தால் அதுவே மறுநாள் திரும்பவும் வந்து உட்காரும்.

*பெரிய அப்டேட்டுக்குப் பின் எதுவுமே பிடிக்கவில்லை என்றால்:* சிஸ்டம், ரெக்கவரி, கோ பேக் என்ற வழியில் பழைய வெர்ஷனுக்கே திரும்பலாம். சாதாரணமாக இதற்குப் 10 நாளே தவணை. இடம் போதவில்லை என்று விண்டோஸ் ஓல்டு என்ற அடைவை இதற்கிடையில் அழித்தவருக்கு இந்த வழி அடைபட்டுவிடும்.

*கணினி திறக்கவேயில்லை என்றால்:*

1. பவர் அழுத்தி, சின்னம் திரையில் தோன்றியதும், பவர் பொத்தானைப் பத்து விநாடி அழுத்திப் பிடித்து அணைக்கவும். இப்படி இருமுறை செய்து மூன்றாம் முறை விட்டுவிட்டால், பழுதுபார்க்கும் திரை தானே வரும். வராவிட்டால் மீட்பு யுஎஸ்பியைச் செருகித் துவக்கவும். அப்டேட் ஓடிக்கொண்டிருக்கும் கணினியில் இதைச் செய்யலாகாது.
2. டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ் என்று செல்லவும்.
3. முதலில் குவாலிட்டி அப்டேட்டை (மாதாந்தர அப்டேட்டை) நீக்கிப் பார்க்கவும். அது பலிக்காவிட்டால் மட்டும் ஃபீச்சர் அப்டேட்டை (பெரிய அப்டேட்டை) நீக்கவும்.
4. வழியில் பிட்லாக்கர் சாவி கேட்டால், உறையில் வைத்த காகிதத்தை எடுக்கவும்.

ரீசெட் திஸ் பிசி என்ற தேர்வை யார் சொன்னாலும் கடைசி வரை தொடாதீர்கள். கோப்புகளை வைத்துக்கொள் என்று கேட்டுக்கொண்டாலும், நீங்கள் நிறுவிய நிரல்கள் போய்விடும். பழைய கணக்கு நிரலின் குறுந்தகடு இப்போது எங்கே இருக்கிறதோ!

விண்டோஸ் 10 வைத்திருப்போருக்கு ஒரு தனிச் சொல்

இவர்களுடைய பிரச்சினை தலைகீழானது. 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டதால், கட்டாயப்படுத்த அப்டேட்டே இல்லை. அதைச் சுதந்திரம் என்று எண்ணி மகிழ்வதற்கில்லை. பாதுகாப்பு அப்டேட் தொடர வேண்டுமென்று விரும்புவோர் விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே நீட்டிப்புத் திட்டத்தில் சேரலாம். 22எச்2 என்ற வெர்ஷனாக இருக்க வேண்டும். மைக்ரோசாஃப்ட் கணக்கோடு அமைப்புகளைச் சேமிக்கச் சம்மதித்தால் இலவசம், இல்லையேல் 30 டாலர் கட்டணம். ஒருமுறை சேர்ந்தால் அதே கணக்கில் பத்துக் கணினிகள் வரை செல்லும். இந்தத் திட்டத்துக்கு அவர்கள் அறிவித்திருக்கும் தவணை 2026 அக்டோபர் 13.